இனிப்பு நீருக்கு நல்லது என்கிற மூலிகையை எப்படிச் சோதிப்பது? டிபிபிஎச், என்சைம், எலி, குளுக்கோமீட்டர்: எதில் காசு போடலாம்

இனிப்பு நீருக்கு, அதாவது நீரிழிவுக்கு, நல்லது என்று ஊரே சொல்லும் ஒரு மூலிகையைச் சோதித்துப் பார்க்க வேண்டும், ஆனால் கையில் இருக்கிற காசு ஒரே ஒரு சோதனைக்குத்தான் வரும் என்றால் எதைச் செய்வது? இந்தக் கேள்வியை என்னிடம் இரண்டு பேர் கேட்டார்கள். ஒருத்தி யூனிவர்சிட்டியில் கடைசி வருஷம் படிக்கும் என் அக்கா மகள். இன்னொருவர் எங்கள் சுங்கை சிப்புட் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மூலிகைப் பொடி விற்கும் பக்கத்து வீட்டு அக்கா. இருவரும் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே செடி, பத்தாவாலி என்ற கசப்புக் கொடி. ஆனால் இருவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. ஆய்வகத்தில் வேலை பார்ப்பதால் இந்தச் சோதனைகளோடு தினமும் பழக்கம் உண்டு, அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூலிகை என்றாலே மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவன் நான் இல்லை. இன்று தோட்டத்து லயங்களில் எந்த வீட்டுக்குப் போனாலும் டிவி மேசை மேல் இனிப்பு நீருக்கான மெட்ஃபார்மின் மாத்திரை அட்டை கிடக்கிறது. அந்த மெட்ஃபார்மினுக்கே மூலம் ஐரோப்பாவில் கலேகா என்று அழைக்கப்படும் ஒரு செடியில் இருந்த பொருள்தான். அதைத் தொடர்ந்து போய்த்தான் பிரான்சில் ஜான் ஸ்டெர்ன் என்ற டாக்டர் 1957ல் மெட்ஃபார்மினை நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். நம் மலேசியாவில் 2019ல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் வயது வந்தவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர், 2023ல் 15.6 சதவீதம். இனவாரியாகப் பார்த்தால் நம் இந்தியர்களிடம்தான் விகிதம் அதிகம். அதனால் எங்கள் பாட்டிமார் குடித்ததைச் சோதிக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை ஆசைப்பட்டால் எனக்கு அது பெரிய சந்தோஷம். சரியான சோதனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா மகள் முதலில் வந்து சொன்னது இது: "மாமா, டிபிபிஎச் போட்டா போதும்னு எல்லாரும் சொல்றாங்க, சீப்பு, ஒரே நாள்ல முடிஞ்சிரும்."

உண்மைதான், அதைவிட எளிதான சோதனை கிடையாது. டிபிபிஎச் என்பது நிலையாக நிற்கும் ஒரு ஃப்ரீ ராடிக்கல், அதாவது ஜோடி சேராத எலக்ட்ரான் உள்ள மூலக்கூறு. மெத்தனாலில் கரைத்தால் அடர்ந்த ஊதா நிறம். அதில் மூலிகைச் சாற்றை விட்டு அரை மணி நேரம் இருட்டில் வைத்தால், சாற்றில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிற அளவுக்கு ஊதா வெளுத்து மஞ்சளாகும். 517 நானோமீட்டரில் அளந்து, பாதி நிறம் போக எவ்வளவு சாறு வேண்டும் என்று கணக்கிட்டால் அதுதான் ஐசி50. எண் சின்னதாக இருந்தால் சாறு வலுவானது. பக்கத்தில் வைட்டமின் சி ஒரு வரிசை வைத்துக்கொள்வோம். எஃப்ராப், ஏபிடிஎஸ் எல்லாம் இதே குடும்பம்தான். எஃப்ராப்பில் இரும்பு நீலமாகும், 593ல் அளக்க வேண்டும். ஏபிடிஎஸ்ஸை முந்தின நாள் இரவே பொட்டாசியம் பெர்சல்ஃபேட்டோடு கலந்து வைக்க வேண்டும், 734ல் அளவு. கருமையான சாறுகளுக்கு இந்த ஏபிடிஎஸ் நல்லது, ஏனென்றால் அந்த அலைநீளத்தில் சாற்றின் சொந்த நிறம் அதிகம் குறுக்கிடாது. டிபிபிஎச்சில் கரும்பச்சை, பழுப்புச் சாறுகளுக்கு டிபிபிஎச் சேர்க்காமல் சாறு மட்டும் உள்ள ஒரு தனி பிளாங்க் (ஒப்பீட்டுக் குழி) வைக்காவிட்டால் எண்ணே தப்பாக வரும், நிறைய புரோஜெக்ட் ரிப்போர்ட்டில் இந்த பிளாங்க் இருக்காது.

ஆனால் கேள்வி சர்க்கரையைப் பற்றியது, டிபிபிஎச் சர்க்கரையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கடையில் ஒரு தே-ஓ (பால் இல்லாத தேத்தண்ணி) வாங்கி டிபிபிஎச்சில் விடுங்கள், நன்றாகவே வெளுக்கும். காப்பி விட்டாலும் வெளுக்கும். பாலிஃபீனால் உள்ள எதுவும் வெளுக்கும். குப்பியில் எலக்ட்ரானைக் கொடுக்கிற பொருள் குடலைத் தாண்டி ரத்தத்தில் எவ்வளவு போகிறது, ஈரல் அதை என்ன செய்கிறது என்பதெல்லாம் வேறு கதை. அமெரிக்க விவசாயத் துறை பல உணவுகளுக்கு ஓராக் என்று ஆன்டிஆக்ஸிடன்ட் எண் போட்ட ஒரு பட்டியல் வைத்திருந்தது. அந்த எண்களுக்கும் உடம்பில் நடப்பதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, கம்பெனிகள் அதை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று சொல்லி 2012ல் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். இது தெரிந்தும் "ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகம், ஆகவே இனிப்பு நீருக்கு நல்லது" என்று ஒரு வரியில் தாண்டுகிற ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அந்த ஒரு வரிதான் பிறகு பொடி பாக்கெட்டின் பின்பக்கத்துக்குப் போகிறது.

அடுத்தது என்சைம் சோதனைகள். என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நாம் சாப்பிடுகிற சோற்று மாவை முதலில் ஆல்ஃபா-அமைலேஸ் உடைக்கிறது, அப்புறம் சிறுகுடல் சுவரில் உட்கார்ந்திருக்கும் ஆல்ஃபா-குளுக்கோசிடேஸ் அதைக் குளுக்கோஸாக்கி முடிக்கிறது. இரண்டாவதைத் தடுத்தால் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறும் வேகம் குறையும். அகார்போஸ் மாத்திரை செய்வது இதைத்தான். இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், கஷாயம் ரத்தத்தில் கலக்கத் தேவையே இல்லை. குடித்தது குடலுக்கு இறங்கும்போது என்சைம் அங்கேயே இருக்கிறது, இரண்டும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. அதனால் குப்பியில் நடப்பதற்கும் வயிற்றில் நடப்பதற்கும் உள்ள தூரம் டிபிபிஎச்சைவிட இதில் எவ்வளவோ குறைவு.

செய்முறையும் பெரிய கஷ்டம் இல்லை. பாஸ்பேட் பஃபர் 6.8, 37 டிகிரி, சாற்றையும் என்சைமையும் முதலில் கொஞ்ச நேரம் சேர்த்து வைத்துவிட்டு பிஎன்பிஜி என்ற பொருளை விடுவோம். என்சைம் அதை உடைத்தால் மஞ்சள் நிறம் வரும். சோடியம் கார்பனேட் விட்டு நிறுத்தி 405ல் அளவு. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். டிபிபிஎச் தட்டில் மஞ்சள் வந்தால் மூலிகை வேலை செய்கிறது என்று அர்த்தம். இந்தத் தட்டில் மஞ்சள் வந்தால் மூலிகை வேலை செய்யவில்லை, என்சைம்தான் ஜாலியாக வேலை செய்துகொண்டிருக்கிறது. இரண்டு தட்டையும் ஒரே நாளில் போடுகிற பிள்ளைகள் தொண்ணூற்றாறு குழியையும் குனிந்து பார்த்து, எந்தப் பக்கம் சந்தோஷப்படுவது என்று ஒரு நிமிஷம் முழிப்பார்கள்.

இனி, எந்த என்சைம் வாங்குவது? பெரும்பாலும் ஈஸ்ட்டிலிருந்து எடுத்ததைத்தான் வாங்குவார்கள், விலையும் தோது, கரைப்பதும் சுலபம். பிரச்சினை என்னவென்றால், அகார்போஸ் பாலூட்டிகளின் குடல் என்சைமைத்தான் பலமாகத் தடுக்கும், ஈஸ்ட் என்சைமை அவ்வளவாகத் தொடாது. அதனால் ஈஸ்ட் என்சைம் போட்டால் எந்த இலையைக் கொண்டுவந்தாலும் "அகார்போஸைவிடப் பல மடங்கு சக்தி" என்று எண் வரும். பார்க்க ரொம்ப அழகாக இருக்கும், ஆனால் நோயாளியின் குடலைப் பற்றி அது பேசவில்லை. எலியின் சிறுகுடலை அசிட்டோனில் உலர்த்திய பொடி ஆய்வகக் கடைகளில் கிடைக்கிறது, அதை பஃபரில் கலக்கி, சுழற்றி, தெளிந்த நீரை எடுத்துப் பயன்படுத்தினால் பதில் மனிதனுக்குக் கொஞ்சம் நெருங்கி வரும். வேலை கூடுதல், மணம் சகிக்காது, ஆனால் நான் இதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

இன்னொரு தொல்லை டானின். துவர்ப்பான எந்தச் சாறும் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். என்சைமும் புரதம்தானே, அதனால் தடுத்த மாதிரி தெரியும். மாட்டுச் சீரம் ஆல்புமின் என்ற வேறொரு புரதத்தைக் கொஞ்சம் சேர்த்து அதே சோதனையை மறுபடி செய்தால், தடுப்பு காணாமல் போனால் அது பெரும்பாலும் டானின் வேலை.

அமைலேஸ் சோதனை எப்படி என்று கேட்டால், இருக்கட்டும், ஆனால் இரண்டாவதாக. அதில் டிஎன்எஸ் என்ற மருந்தைச் சேர்த்துக் கொதிக்கவைத்து 540ல் அளப்பார்கள். சாற்றில் ஏற்கெனவே இருக்கிற சர்க்கரையும் பாலிஃபீனாலும்கூட அதே நிறத்தைக் கொடுக்கும் என்பதால் தலைவலி. அதோடு அமைலேஸை ரொம்ப பலமாகத் தடுப்பதும் நல்லதல்ல, செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வயிறு உப்பும். ஆறாம் படிவத்து எஸ்டிபிஎம் பிள்ளைகள் பள்ளியிலேயே செய்ய வேண்டும் என்றால் மாவுக் கரைசலும் அயோடினும் வைத்து நீலம் எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று பார்க்கலாம், அது போதும்.

என்சைம் சோதனையின் பெரிய குறையையும் மறைக்க மாட்டேன். அது ஒரே ஒரு வழியைத்தான் பார்க்கிறது. இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மூலிகை, தசைக்குள் குளுக்கோஸை இழுக்க வைக்கும் மூலிகை எல்லாம் இதில் பூஜ்யம் வாங்கிவிடும். அதற்குத்தான் செல் சோதனைகள் இருக்கின்றன, எல்6 தசை செல், 3டி3-எல்1 கொழுப்பு செல் மாதிரி. செல் வளர்க்கும் வசதி ஏற்கெனவே இருக்கிற ஆய்வகமாக இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள், இல்லாவிட்டால் ஒரு செமஸ்டர் முழுக்கக் கிருமி தொற்றோடு போராடியே போய்விடும்.

பத்தாவாலிக்கு இந்தக் குறை நேரடியாகப் பொருந்தும். எலிகளில் செய்து 1989ல் வெளிவந்த ஆய்விலேயே அது இன்சுலின் சுரப்பைக் கூட்டுகிறது என்றுதான் காட்டியிருக்கிறார்கள். குடல் என்சைமைத் தடுப்பது அதன் முக்கிய வேலை இல்லை என்றால் என்சைம் தட்டில் அதை வைத்து என்ன பயன்? அதனால் அக்கா மகளிடம் நான் சொன்னது, சோதனையை மாற்றாதே, செடியை மாற்று என்றுதான். லயத்து வீட்டுப் பின்னால் கொய்யா மரம் இல்லாத தோட்டம் உண்டா? கொய்யா இலைத் தேநீர் ஜப்பானில் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரைக்கு என்று அரசாங்க அனுமதியோடு விற்கப்படுகிறது. அதைப் பற்றிய ஆய்வுகளும் இந்த என்சைம்களைச் சுற்றித்தான். அப்படியென்றால் உன் தட்டில் வருகிற எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது இருக்கும்.

எலிச் சோதனைக்கு வருவோம். மதிப்பு அதிகம், செலவும் அதிகம், விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு எலியைக்கூடத் தொட முடியாது, தொடவும் கூடாது. வழக்கமாக ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஊசி போட்டு எலிக்கு இனிப்பு நீர் வரவழைப்பார்கள். அந்த மருந்து கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களையே அழிக்கிறது. இன்சுலினைத் தூண்டி வேலை செய்யும் மூலிகைக்கு அங்கே தூண்ட ஆளே இருக்காது, நம் ஆட்களுக்கு வருகிற இரண்டாம் வகை நோயும் அப்படித் தொடங்குவதில்லை. கசப்பான சாறு கொடுத்தால் எலி குறைவாகச் சாப்பிடும், அதனாலும் சர்க்கரை இறங்கும். எடையும் தீனியும் எழுதி வைக்காத எலிச் சோதனை முடிவை நான் நம்ப மாட்டேன்.

அதைவிட முக்கியம் அளவு. கிலோவுக்கு 500 மில்லிகிராம் சாறு கொடுத்தோம், சர்க்கரை குறைந்தது என்று எழுதுவார்கள். எலி அளவை மனித அளவாக்க ஏறத்தாழ 6.2 ஆல் வகுக்க வேண்டும், அப்படியானால் கிலோவுக்கு சுமார் 80 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு கிட்டத்தட்ட 4.8 கிராம் சாறு. அது காய்ந்த செடி இல்லை, வடித்துச் சுண்டக் காய்ச்சிய சாறு. செடியில் பத்தில் ஒரு பங்குதான் சாறாகக் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் தினமும் 48 கிராம் காய்ந்த தண்டு. பாசார் மாலாம் பாக்கெட்டில் ஒரு டீஸ்பூன் போடுங்கள் என்று எழுதியிருக்கிறது. எலிச் சோதனைக் கட்டுரையைக் காட்டி அந்த ஒரு டீஸ்பூனை விற்பது சரியில்லை.

நான்காவது வழியைத்தான் ஊரில் எல்லாரும் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள். கஷாயத்தைக் குடித்துவிட்டு விரலைக் குத்திப் பார்ப்பது. "நேத்து 9.2, இன்னிக்கி 8.1, இறங்கிருச்சு பாருங்க தம்பி" என்று மூலிகை விற்கும் அக்காவே ஒருவரின் மீட்டரை என்னிடம் காட்டினார். வீட்டுக் குளுக்கோமீட்டருக்கான உலகத் தர விதி, 5.6 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் அளவீடு 15 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம் என்று அனுமதிக்கிறது. 9.2 என்று காட்டினால் உண்மை 8க்குப் பக்கத்திலும் இருக்கலாம், 10க்கு மேலும் இருக்கலாம். முந்தின இரவு என்ன சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார், தோட்டத்தில் நடந்தாரா என்பதெல்லாம் அதற்கு மேல். இரண்டு நாள் எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி வேண்டும், குடிக்காத ஒரு குழுவும் வேண்டும், அப்படிச் செய்வதென்றால் அது மனித ஆய்வு, மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும்.

மனித ஆய்வுகள் முறையாக நடந்த இடங்களில் என்ன வந்தது என்பதையும் சொல்கிறேன். பாகற்காயைப் பற்றி 2012ல் வந்த காக்ரேன் மறுஆய்வு (நடந்த ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுவது), செய்தது நம் மலேசிய ஆய்வாளர்கள், நான்கு சோதனைகளில் 479 பேரைச் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதியது. பத்தாவாலியை மாத்திரைக்குச் சர்க்கரை அடங்காத நோயாளிகளுக்குத் தாய்லாந்தில் கொடுத்துப் பார்த்து 2004ல் வெளியிட்டார்கள். சர்க்கரையில் பயன் தெரியவில்லை, இரண்டு பேருக்கு ஈரல் என்சைம் எகிறியது. எலியில் இன்சுலினைத் தூண்டிய அதே செடிதான். இதைப் படித்த பிறகு, மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு மாதம் கஷாயம் குடித்துப் பாருங்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மாத்திரையோடு சேர்த்துக் குடித்தாலும் கவனம் வேண்டும், இன்சுலினைத் தூண்டும் கிளிக்ளசைட் மாதிரி மருந்து எடுப்பவருக்குச் சர்க்கரை ஒரேயடியாக இறங்கினால் ஆபத்து.

இந்த நான்கில் எதை எடுத்தாலும் அதற்கு முன்னால் செடி எது என்று உறுதி செய்ய வேண்டும். பத்தாவாலித் தண்டு முழுக்கப் பரு பருவாக இருக்கும், ஒடித்து வேலியில் தொங்கவிட்டால் மண்ணே இல்லாமல் நூல் மாதிரி வேர் விட்டுத் தொங்கும். இந்தியாவிலிருந்து வரும் சீந்தில் பொடி அதே பேரினத்துச் சொந்தக்காரச் செடி, ஆனால் வேறு செடி. பொடியாக்கிவிட்டால் இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. எங்கள் ஊரிலேயே இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். இலையோடும் தண்டோடும், கிடைத்தால் பூவோடும் அழுத்தி உலர்த்திய மாதிரி ஒன்றை யூனிவர்சிட்டி ஹெர்பேரியத்திலோ (உலர்த்திய செடி மாதிரிகள் வைக்கும் இடம்) கெப்போங்கில் இருக்கும் வன ஆராய்ச்சிக் கழகத்திலோ கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். சாறு எடுப்பதிலும் ஒன்று. ஊரில் யாரும் மெத்தனாலில் ஊறவைத்துக் குடிப்பதில்லை, தண்ணீரில்தான் கொதிக்கவைக்கிறார்கள். மெத்தனாலில் எண் அழகாக வரும் என்பதற்காக அதை மட்டும் சோதித்தால் ஊர்க் கேள்விக்குப் பதில் கிடைக்காது. முதலில் கஷாயம், காசு மிஞ்சினால் எத்தனால்.

அக்கா மகள் விஷயம் இப்போது இப்படி முடிவாகியிருக்கிறது: கொய்யா இலை, தண்ணீர்க் கஷாயம், எலிக் குடல் என்சைம், பக்கத்தில் அகார்போஸ் வரிசை, ஆல்புமின் சேர்த்த ஒரு வரிசை. டிபிபிஎச்சும் ஓரத்தில் இருக்கும், எப்படியும் ஒரு நாள் வேலைதான், ஆனால் தலைப்பில் வராது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இந்த நான்கில் எதுவும் வேண்டாம் என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் சட்டத்தைப் பாருங்கள், 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டத்தின்படி இனிப்பு நீரைக் குணமாக்கும் என்று எதையும் விளம்பரப்படுத்தக் கூடாது, ஆய்வக ரிப்போர்ட் கையில் இருந்தாலும் அதைப் பாக்கெட்டில் போட முடியாது. மருந்து என்று விற்க வேண்டுமானால் மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் பதிவு செய்து, எம்ஏஎல் என்று தொடங்கி டி என்று முடியும் எண் வாங்க வேண்டும். அதற்கு அவர்கள் கேட்பது ஐசி50 இல்லை. ஈயம், பாதரசம், ஆர்செனிக், காட்மியம் எவ்வளவு, கிருமி எவ்வளவு, ஆங்கில மருந்து கலந்திருக்கிறதா, இதைத்தான் பார்ப்பார்கள். "நான் என்ன கலப்படமா பண்றேன் தம்பி?" என்றார். நீங்கள் செய்ய மாட்டீர்கள் அக்கா, ஆனால் கையிருப்பு தீர்ந்தால் வெளியிலிருந்து மூட்டையில் பொடி வாங்குகிறீர்களே, அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? 2008ல் சிங்கப்பூரில் ஆண்மைக்கு என்று திருட்டுத்தனமாக விற்ற மாத்திரைகளில் சர்க்கரையை இறக்கும் கிளிபென்கிளமைட் மருந்து கலந்திருந்து, இனிப்பு நீரே இல்லாதவர்கள் சர்க்கரை இறங்கி ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள், உயிரும் போனது. சொந்தமாக வளர்த்த தண்டிலும் செம்பனைக் காட்டு ஓரத்தில் வெட்டியது என்றால் களைக்கொல்லி இருக்கலாம். அவருக்கு இருக்கிற காசு முழுக்க கன உலோகம், கிருமி, கலப்படச் சோதனைக்கே போகட்டும் என்பது என் முடிவு. மூட்டைப் பொடி வாங்குவதை முதலில் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன், யோசிக்கிறேன் என்றார்.

அவரிடம் வாங்கிக் குடிக்கிறவர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை கிளினிக்கில் இனிப்பு நீர்ப் புத்தகத்தை நீட்டும்போது பத்தாவாலி குடிப்பதைச் சொல்லிவிடுங்கள், ஈரலுக்கான ரத்தப் பரிசோதனையும் சேர்த்து எடுக்க முடியுமா என்று கேளுங்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனாலோ அன்றைக்கே கஷாயத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.